வேஷம் பூணும் சாரதி

கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2021 ஏப்ரல் மாதம் தொடங்கிய ‘டாக்ஸி டிரைவர்’ என்னும் தொடரைப் பழிவாங்கும் கதை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்கள், அதன் பிரதான ரஸத்தைச் சுவைக்காமலே பந்தியை விட்டு எழுந்தவர்கள். அடிதடியும் காரோட்டும் சாகஸமும் அதில் ஏராளமாக உண்டு என்றாலும், நாம் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டியது கதாநாயகனின் வேஷங்களைத்தான்.

கிம் டோ-கி ராணுவத்தின் விசேஷப் படையில் அதிகாரியாக இருந்தவன். தாயைக் கொலைகாரனுக்குப் பறிகொடுத்தவன். ‘ரெயின்போ’ டாக்ஸி நிறுவனத்தில் அவன் ஓட்டும் கறுப்பு வண்டியின் எண் 5283. நியாயஸ்தலத்தில் நீதி கிட்டாது பரிதவிக்கும் ஒருவர் அதில் ஏறித் தம் துயரத்தைச் சொல்லி, காசு போட்டு ஆடும் பழைய விளையாட்டு இயந்திரத்தின் முன் நின்று, பழிவாங்குவதா வேண்டாமா என்று தாமே தீர்மானித்துப் பொத்தானை அழுத்திய பிறகுதான் காரியம் ஆரம்பமாகிறது. சங்கல்பம் செய்துகொள்ளும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் கையிலேயே விட்ட அந்தச் சிறு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அதன் பிறகு டோ-கியாக நடிக்கும் லீ ஜே-ஹூனின் ராஜ்யம். முரட்டு மாணவர்கள் ஆட்டிப்படைக்கும் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியனாக நுழைந்து ஏளனத்தையெல்லாம் சாதுவாக விழுங்கிக்கொண்டு நிற்கிற அதே மனிதன், தொலைபேசி மோசடிக் கும்பலைப் பிடிக்க வேண்டி வருகையில், சீனத்துக் கொரியர்களின் உச்சரிப்போடு ஆர்ப்பாட்டமாகப் பேசும் வாங் தாவோ-ஜி என்ற தாதாவாகி, அந்தக் கும்பலின் தலைவியே தன்மேல் மையல் கொள்ளும்படி செய்துவிடுகிறான். வன்னி மரத்தில் வில்லை ஒளித்துவிட்டு விராடன் அரண்மனையில் ஆடல் கற்பித்த அர்ஜுனனை நாம் அறிவோம், உத்தரன் அறியான். அந்த இடைவெளியில் பிறக்கும் ஹாஸ்யமே இங்கும் நம்மை உட்கார வைக்கிறது. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் கிராமத்து வாலிபனாகவும் மாந்திரிகனாகவும் புதுமாப்பிள்ளையாகவும் வருகிறான். அந்த ஆண்டு எஸ்.பி.எஸ். அளித்த தலையாய நடிப்புப் பரிசு, கிம் டே-ரி என்னும் நடிகையோடு லீ ஜே-ஹூனுக்கும் பகிர்ந்து கிடைத்தது நியாயமே.

கார்லோஸ், லீ ஜே-ஜின் இருவரும் படைத்த இணையச் சித்திரக் கதையே இத்தொடருக்கு மூலம். மூளை வளர்ச்சி குன்றியவர்களை அடிமைகளாக வேலை வாங்கும் உப்புமீன் ஆலை, பெண்களின் அந்தரங்கப் படங்களை விற்றுப் பணம் குவிக்கும் கம்பெனி என்று வரும் சம்பவங்களில் அந்நாட்டுப் பத்திரிகைச் செய்திகளின் சாயல் ஸ்பஷ்டமாகத் தெரிகிறது. ஆனால், பிடிபட்ட துஷ்டர்களை ரகசியச் சிறையில் அடைத்து, கந்துவட்டிக்காரியான பேக் சுங்-மியிடம் ஒப்படைக்கும் முறை என் மனத்துக்கு ஒப்பவில்லை. அவள் அவர்களுடைய அவயவங்களை விலைபேசுகிறாள் என்பது வெளிப்படும்போது கதையும் தன்னையே விசாரணை செய்துகொள்ளத்தான் செய்கிறது. எனினும், சண்டைக்கு அவசரப்படும் கதாசிரியர்கள் அந்த விசாரணையைப் பாதியிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

வேஷங்களின் எண்ணிக்கையில் இரண்டாம் பாகம் விஞ்சினாலும், கனத்தில் முதற் பாகமே மேல். அதன் பதினாறு பகுதிகளையும் பார்க்க விரும்புவோர் மொழிமாற்றுக் குரலைத் தவிர்த்து, அடியில் ஓடும் வரிகளின் துணையோடு கொரிய மொழியிலேயே பாருங்கள். வாங் தாவோ-ஜியின் உச்சரிப்பு வேறு எந்தக் குரலிலும் வராது.