வாய் திறவாமை குற்றமா?

1638ஆம் ஆண்டு. இலண்டன் மாநகர வீதியிலே, வண்டியின் பின்னே கட்டப்பட்டு, சாட்டையடி பட்டவாறே நடக்கிறான் ஓர் இளைஞன். பெயர் ஜான் லில்பர்ன். ஆலந்து நாட்டில் அச்சான தடைநூல்களைக் கொணர்ந்தான் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அவன் முதுகைப் பிளந்தது அந்தக் குற்றச்சாட்டன்று! ஸ்டார் சேம்பர் என்னும் அரசனின் மன்றம், கேட்பதற்கெல்லாம் உண்மையே உரைப்பதாக ஆண்டவன் பெயரால் ஆணையிடு என்றது. கேள்வி இன்னதென்று கூறுமுன்பே ஆணை கேட்டது. மாட்டேன் என்றான். மறுத்ததற்குச் சாட்டை, மறுத்ததற்கு 500 பவுன் தண்டம், மறுத்ததற்குக் கழுத்தைப் பூட்டும் மரச்சட்டம்! அந்தச் சட்டத்தில் நின்றபடியே அவன் மக்களிடம் பேசத் தொடங்கினான். பேசாததற்காகத் தண்டித்தவர்கள், பேசியதும் வாயை அடைத்தனர்!

1641இல் அந்த மன்றத்தையே ஒழித்தது பாராளுமன்றம். வரலாற்று ஏடுகள் இதை வாயாரப் புகழும். புகழட்டும். அதே பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய புலனாய்வு அதிகார ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூன்றாம் பகுதியை, லில்பர்னின் கதையருகே வைத்துப் படித்தல் நன்று.

கணினியிலே கடிதத்தையும் கணக்கையும் மறையாக்கி வைக்கிறோம். திறவுகோல் இல்லாதவனுக்கு அவை வெறும் எழுத்துக் குப்பை. அந்தத் திறவுகோலைக் கொடு, அல்லது திறந்து காட்டு என்று அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரம் 49ஆம் பிரிவிலே உள்ளது. மறுத்தால் இரண்டாண்டு வரை சிறை. நாட்டுப் பாதுகாப்பு தொடர்பானதெனில் ஐந்தாண்டு வரை. 2007 அக்டோபரில் இது நடப்புக்கு வந்தது. பொதுவாக நீதிபதியின் இசைவு வேண்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: ஒருவனிடம் ஒருகாலத்தில் திறவுகோல் இருந்தது என்று காட்டிவிட்டால், இன்னும் அவனிடமே இருப்பதாகச் சட்டம் கொள்ளும்; இல்லையென்னும் ஐயத்தை எழுப்பப் போதிய சான்றை அவன்தான் முன்வைக்க வேண்டும். மறதிக்குச் சான்று ஏது? மறந்ததை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவான்?

2008இல் மேல்முறையீட்டு மன்றம் இதற்கு விளக்கம் தந்தது. திறவுகோல் என்பது மனிதனின் விருப்பத்துக்கு அப்பால் தனித்து நிற்கும் பொருளாம். பூட்டிய மேசை இழுப்பறையின் சாவிக்கும் இதற்கும் வேறுபாடில்லையாம். கற்றறிந்தோர் கூற்று, கணக்குத்தான் இடிக்கிறது! இழுப்பறைச் சாவியைச் சட்டைப்பையில் தேடலாம். கிடைக்காவிடில் இழுப்பறையையே உடைக்கலாம். உரியவன் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. குருதியும் கைரேகையும்கூட வாய் திறவாதவனிடமிருந்து எடுக்கக்கூடியவையே. நினைவிலிருக்கும் சொல்லோ, அவன் சொன்னாலன்றி வராது. சாவியைப் பறிப்பதல்ல இது, நாவைப் பறிப்பது. மறையாக்கிய கோப்பில் குற்றச்சான்று இருக்குமானால், கோலைத் தெரிந்திருத்தலே அவனுக்கு எதிராகலாம் என்பதை அம்மன்றமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பின்னும், விசாரணையின்போது நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று கதவைச் சாத்திவிட்டது.

வெடிகுண்டு வைப்போனும் குழந்தைகளைக் கெடுப்போனும் ஒளிந்துகொள்ள விடலாமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் இருபதாண்டுச் சிறைக்குரிய கொடியவன், இரண்டாண்டோ ஐந்தாண்டோ போதுமென வாய்மூடிக்கொள்வான். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். கணக்குத் தெரியாமல் சிக்குகிறவன் மறந்துபோனவன்.

வேறு சிலரும் சிக்கினர். சட்டம் நடப்புக்கு வந்த அடுத்த மாதமே அறிவிப்புப் பெற்றோரில் விலங்குரிமைப் போராட்டக்காரர்கள் இருந்தனர். 2016இல் ஹீத்ரோ வானூர்தி நிலையத்தில் கேஜ் என்னும் உரிமை அமைப்பின் இயக்குநர் நிறுத்தப்பட்டார். இம்முறை வந்த ஆயுதம் வேறு: 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை. அதன்படி நிறுத்துவதற்கு ஐயம்கூட வேண்டியதில்லை! சித்திரவதைக்கு ஆளான ஒருவர் நம்பி ஒப்படைத்த செய்திகளைக் காக்கவே கடவுச்சொல்லைத் தர மறுத்ததாக அவர் கூறினார். 2017இல் குற்றவாளி என்றது நீதிமன்றம். சிறையில்லை, நிபந்தனை விடுதலைதான். எனினும், பாதிக்கப்பட்டவன் இனி எவரை நம்பிச் செய்தி கொடுப்பான்?

அயல்நாட்டுச் செய்தி என்று ஏட்டை மூடிவிடாதீர், தோழர்களே! இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, 2008இல் திருத்தப்பட்ட வடிவில், மறையைத் திறக்க உதவ மறுப்போர்க்கு ஏழாண்டு வரை சிறை வைக்கிறது. ஆணையிடும் அதிகாரம் நீதிபதியிடம் இல்லை, உள்துறைச் செயலாளரிடம்! குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கெதிராகச் சாட்சியாகக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) கூறுகிறது. மருந்து செலுத்தி ஒருவனை அவன் விருப்பமின்றிப் பேசவைத்தல் கூடாதென 2010இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றமும் சொன்னது. மருந்து கூடாது, ஏழாண்டுச் சிறையைக் காட்டிப் பேசவைத்தல் மட்டும் கூடுமோ?