ஏணி எட்டாத சுவர்

வேகவதி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்காகக் காஞ்சிபுரம் கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகளைக் கட்டினார்கள். அதைப் பற்றிய பேச்சு எப்பவும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடும்: ஊரைவிட்டு எவ்வளவு தூரம், உள்ளே எத்தனை சதுர அடி. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். மூன்றாவதாக ஒன்றையும் கேட்கணும். வெளிச்சுவர் கெட்டால் யார், எதன் மேல் ஏறி நின்று சரி பண்ணுவார்கள்?

இது கீழ்கதிர்பூருக்கு மட்டுமான கேள்வி இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு மாநிலம் முழுக்கக் கட்டுகிற மாதிரியைப் பற்றியது. அந்த மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று நான்கு மாடி, சென்னையில் இன்னும் உயரம். சிமென்ட் பூச்சு, அதன்மேல் இரண்டு கலர் பெயின்ட், சுவரோடு ஒட்டி இறங்கும் கழிவுநீர்க் குழாய்கள். திறப்பு விழா போட்டோவில் அழகாகத்தான் இருக்கும்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்கிற வீடியோக்களை நாம் எல்லாரும் பார்த்தோம். ஐஐடி மெட்ராஸின் கியூப் மையத்திடம் தர ஆய்வைக் கொடுத்தார்கள், பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். விவாதம் மணலும் சிமென்டும் சரியான விகிதத்தில் கலந்தார்களா என்பதிலேயே சுற்றியது. அது தேவைதான். ஆனால் நேர்மையாகப் பூசிய பூச்சும் நிரந்தரம் இல்லை. வெளிப்பூச்சு என்பது முக்கால் அங்குலத் தோல். வெயிலில் கான்கிரீட் தூண் ஒரு மாதிரி விரியும், செங்கல் இன்னொரு மாதிரி. இரண்டும் சேருகிற கோட்டில்தான் முதல் விரிசல் விடும். அந்த இடத்தில் சிக்கன் மெஷ் வைத்துப் பூசினால் தள்ளிப்போகும், அவ்வளவே. ஐப்பசி மழை விரிசலில் இறங்கினால் உள்சுவர் பொரிந்து உப்புப் பூக்கும். உள்ளே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் வருவது வெளியிலிருந்து.

வெளியே போக சாரம் வேணும். ஒரு பிளாக்கின் நான்கு பக்கமும் சாரம் கட்டி, கொத்தனார் வைத்து, பெயின்ட் அடிப்பது தினக்கூலிக் குடும்பங்கள் வசூல் பண்ணிச் செய்கிற வேலையா? 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பராமரிப்புத் தொகை வசூலிக்க, அரசும் தன் பங்கைப் போடுகிறது. நல்ல ஏற்பாடுதான். படிக்கட்டு விளக்கு, மோட்டார், பெருக்குவது எல்லாம் அதில் நடக்கும். ஆனால் அடிக்கடி சாரம் கேட்கிற சுவரை வடிவமைத்தவர்கள் வேறு, அதற்குப் பொறுப்பாக்கப்படுகிறவர்கள் வேறு. என் முக்கியமான புகார் இதுதான்.

காஞ்சிபுரத்தின் பழைய நெசவாளர் வீட்டைப் பாருங்க. அதுவும் பராமரிப்பு கேட்கிற வீடுதான், நாட்டு ஓட்டை அப்பப்ப மாற்றணும், சுண்ணாம்பு அடிக்கணும். ஆனால் எல்லாமே ஒரு ஏணிக்கு எட்டும். ஓட்டுத் தாழ்வாரம் மழையைச் சுவரிலேயே படவிடாமல் தள்ளிவிடும். திண்ணை சுவரின் அடியைக் காப்பாற்றும். அந்த வீட்டுக்குள்தான் தறி. பட்டுக்குக் காரம் ஆகாது. சிமென்டில் ஊறிய கசிவு பாவின் மேல் சொட்டினால் பல நாள் வேலையும் கூலியும் போச்சு. ஈரச்சுவர் இங்கே பார்வைக்கு மட்டுமான விஷயம் இல்லை.

இன்னும் பழசு வேணும்னா கைலாசநாதர் கோவில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். மேலே இருக்கிற மணற்கல் அரித்துப்போய், பின்னாளில் பூசிய சாந்து பல சிற்பங்களின் முகத்தையே மழுக்கிவிட்டது. பூச்சை வைத்துக் காப்பாற்ற முயன்றால் என்ன ஆகும் என்பதை ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்!

அப்போ பூச்சே வேண்டாமா? லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பூசாத செங்கல்லில் கட்டிக்காட்டினார், ரேட் டிராப் கட்டு முறையில் செங்கல்லும் கிட்டத்தட்ட கால்பங்கு மிச்சம். ஆனால் நன்றாகச் சுட்ட செங்கல் கிடைக்கணும். நாட்டுக் காளவாய்க் கல் எல்லாம் மழைக்குத் தாங்காது. இன்னொரு தடை, பூசாத சுவரை நம்ம ஊரில் 'காசு தீர்ந்துபோன வீடு' என்றுதான் பார்ப்பார்கள். ஏழைக்கு மட்டும் ஏன் பூசலை என்ற கேள்வியைக் கட்டிடக்கலைஞர்கள் லேசாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த 1,152 வீடுகளைப் போல முன்வார்ப்புக் கான்கிரீட்டில் போனாலும் பலகைகளின் இணைப்புகளை யாராவது மேலே போய்ப் பார்த்தாகணும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயங்களைத்தான். சன்ஷேடு ஜன்னலோடு நிற்காமல் மாடிக்கு மாடி சுவர் நீளத்துக்கும் ஓடட்டும். அதன் அடியில், வெளி ஓரத்தில், ஒரு விரல் அகலக் காடி இருந்தால் தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டும். பூசும்போதே போட்டால் செலவு ரொம்பக் குறைவு. கைப்பிடிச் சுவரின் தலை உள்பக்கம் சரியட்டும், வெளிச்சுவரில் கறுப்புத் தாரை இறங்காது. குழாய்களை ஆள் நுழைகிற டக்டுக்குள் கொண்டுபோனால் பிளம்பர் கயிற்றில் தொங்க வேண்டாம். பூச்சும் பெயின்ட்டும் தரைத்தளத்தில், ஏணி எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும், மக்கள் பொங்கலுக்குப் பிடித்த கலர் அடிச்சுக்குவாங்க. அதற்கு மேலேதான் நல்ல கல்லுக்குக் காசு போடணும். இப்போ டெண்டரில் மேலே கீழே எல்லாம் ஒரே சதுர மீட்டர் ரேட்டில் போகிறது.