கஸ்தூரி மஞ்சளா, லேசரா?

கம்பம், சின்னமனூர் பக்கம் முகத்துல முடின்னு சொன்னா, உடனே வரும் யோசனை கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனிப் பொடி. கோரைக்கிழங்கு எண்ணெய் அக்குள் முடி வளர்ச்சியைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அங்கே பூசியது வடித்தெடுத்த எண்ணெய். நாம் பூசுவது வெறும் பொடி. தேய்த்துக் கழுவும்போது நாலு முடி உதிர்ந்தால் அது வேரோடு போனதாகாது.

லேசர் விளம்பரங்களும் இதே மாதிரி மிகைதான். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஏற்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. நிரந்தர நீக்கம் அல்ல. லேசர் குறிவைப்பது முடியின் கருமையை. மாநிறத் தோலிலும் அந்தக் கருமை இருப்பதால், கருவி பொருந்தாவிட்டால் தோல் சுட்டுவிடும். நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர். தேனியோ மதுரையோ, பணம் கட்டும் முன் எந்தக் கருவின்னு கேளுங்க.

இரண்டு பக்கமும் காரணத்தைப் பேசுவதில்லை என்பதுதான் என் முக்கியமான குறை. தாடையில் தடித்த முடி, கூடவே மாதவிலக்கும் தள்ளிப்போகிறதா? பி.சி.ஓ.எஸ். இருக்கலாம், முதலில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்க. வெறும் பூனைமுடி என்றால் த்ரெட்டிங்கோ ரேசரோ போதும். ஷேவ் செய்தால் முடி தடிக்காது. வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றும், அவ்வளவுதான்.