அவரைப் பந்தலின் கட்டு

வீட்டார் தம் கையாலேயே செய்துகொள்ளும் பொருள்களுள் கொல்லைப்புற அவரைப் பந்தலுக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. கயிற்றுக் கட்டிலுக்கும் ஈர்க்குச்சி விளக்குமாற்றுக்கும் முடைந்த தென்னங்கீற்றுக்கும் உரிய மதிப்பைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம். அவை யாவும் கை எடுத்த அன்றே முழுமை பெற்றுவிடுகின்றன, பந்தலோ கட்டி முடித்த நாளில் பாதிதான் முடிந்திருக்கிறது, மறுபாதியைக் கொடிதான் கட்டவேண்டும். அக்கொடி எப்போது எங்கே கை நீட்டும் என்பதைக் காலையும் மாலையும் கொல்லைக்குப் போய்ப் பார்த்து, அதற்கேற்ப ஒரு கழியை நகர்த்தியும் ஒரு சிறு கிளையைச் சேர்த்தும் கொடுக்கிற குடும்பத்துக்கே அந்தப் பந்தல் நிறைந்து வாய்க்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கவேண்டும் என்ற வழக்கு அவரைக்குப் பொருந்துவதுபோல் வேறு கொடிக்குப் பொருந்துமா என்பது ஐயமே. பழைய பந்தல் அவரை குறும்பகல் தாவரம், அதாவது பகல் சுருங்கி இரவு நீளும் நாள்களில் மட்டுமே பூவெடுக்கும் இயல்புடையது. ஆதலால் ஆடியில் ஊன்றினாலும் புரட்டாசியில் ஊன்றினாலும் அது பூப்பது ஏறத்தாழ அதே பனிக்காலத்தில்தான். முந்தி ஊன்றியவருக்குக் கிடைப்பது முந்திய காயன்று, பெரிய கொடி. இடைப்பட்ட மூன்று நான்கு மாதமும் கொடி இலையாகவும் தண்டாகவும் மட்டுமே பெருகுவதைப் பொறுமையில்லாதவர்கள் மலட்டுக் கொடி என்று பழிப்பதுண்டு. அந்த இலைப்பரப்புதான் மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய் தாங்கப்போகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குறுந்தொகையின் 82ஆம் பாடல், தினை அரிந்த தாளில் படர்ந்த அவரை பூக்கும் காலத்தையே முன்பனிக்காலத்துக்கு அடையாளமாக வைத்துப் பிரிவைப் பேசுகிறது. அவரைப் பூவை நாள்காட்டியாகக் கொள்ளும் அளவுக்கு அந்தக் கொடி தவணை தவறாதது என்று அறிந்தவர்களின் கண் அது.

பந்தலின் நேர்த்தி முழுவதும் அதன் கட்டில் இருக்கிறது. நான்கோ ஆறோ சவுக்குக் கழிகளை எடுத்து, மண்ணுக்குள் போகும் அடிப்பாகத்தைக் கரையான் அரிக்காதபடி நெருப்பில் வாட்டிக் கருக்கி, ஒரு முழத்துக்குக் குறையாத குழியில் நிறுத்தி, கல்லும் மண்ணும் இட்டுக் குத்துவது முதல் வேலை. காலின் மேல்முனை கவையாக, அதாவது இரண்டாகப் பிரிந்த கிளையாக அமைந்துவிட்டால், குறுக்குக் கழி அதில் தானே உட்கார்ந்துகொள்ளும். அமையாத இடத்தில்தான் கட்டுகிறவரின் கை தெரியும். முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்ட பனைநாரை, அதாவது பனைமட்டையிலிருந்து உரித்தெடுத்த நாரை, ஈரம் சொட்டச் சொட்ட எடுத்து, இரு கழியும் சேரும் இடத்தில் குறுக்கு மறுக்காக இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு கழிகளுக்கு இடையே நுழைத்து அந்தச் சுற்றையே நெரித்து இழுத்து, நுனியை முறுக்கிச் செருகிவிட வேண்டும். ஊறிய நார் கையின் போக்குக்கு வளைந்துகொடுக்கிறது. இரண்டு வெயிலில் காய்ந்து விறைத்தபின் எந்த வளைவில் விட்டோமோ அந்த வளைவை விடுவதில்லை. இன்று எங்கும் கிடைக்கும் நைலான் கயிறு வலுவில் பனைநாரை மிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் வழுவழுப்பான அக்கயிற்றின் முடிச்சு காற்றின் ஆட்டத்தில் மெல்ல நழுவி, ஐப்பசியின் அடைமழையில் இலைப்பாரம் நனைந்து கனக்கும்போது பந்தலை ஒருபக்கமாகச் சரித்துவிடும். அந்த மழையைத் தாங்கிய பிறகே பந்தலைப் பந்தல் என்று சொல்லலாம். மூலைக் கால்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

மேல்பரப்பில் கம்பி வலைக்குப் பதிலாக மிளார், அதாவது இலை உதிர்ந்த சிறு கிளைகள், பரப்புவதே மேல். அவரைக்குப் புடலையைப்போலப் பற்றுக்கம்பி கிடையாது. தன் தண்டாலேயே சுற்றி ஏறும் கொடி அது, ஆகவே சொரசொரப்பான துவரை மிளாரில் பிடிப்புக் கொள்வதுபோல் வழுக்கும் கம்பியில் கொள்வதில்லை. கீழே தவழும் நுனியை எடுத்துக் காலில் ஏற்றிவிடுகிறவர்கள், அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் திசையைக் கவனித்து அதே திசையில் சுற்றவேண்டும்; மாற்றிச் சுற்றினால் அடுத்த சில நாள்களில் கொடி தானே அவிழ்ந்து தொங்கும்.

பந்தலின் உயரத்தில்தான் ரசனைகள் பிரிகின்றன. அடியில் கட்டில் போட்டுப் படுக்கவேண்டும் என்று விரும்பி ஆளுயரத்துக்கு மேல் கட்டுவோர் பலர். நிழலின் சுகத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் காய்கள் கீழே தொங்கும் புடலைக்கும் பீர்க்குக்கும் ஏற்ற அந்த உயரம் அவரைக்கு ஏற்றதன்று. அவரையின் பூங்கொத்து இலைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்பது; உயரப் பந்தலில் அது வானத்துக்கும் அணிலுக்கும் மட்டுமே தெரியும். காய் பறிக்கும் பெண்ணின் தோளுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பந்தல், அதுவும் கிழக்கே தாழ்ந்து மேற்கே உயர்ந்த சாய்வுப் பந்தல், காலை வெயிலில் கொத்துகள் முழுவதையும் ஒரே பார்வைக்குக் கொடுக்கும். பனி ஈரம் உலராத அவ்வேளையில் கொத்தின் அடியில் காயும், நடுவில் பிஞ்சும், அதற்கு மேல் ஊதாப் பூவும், நுனியில் இன்னும் அரும்பும் ஒரே காம்பில் இருப்பதைக் காணலாம். அதனால்தான் தேர்ந்த கைகள் காயைக் கொத்தோடு ஒடிப்பதில்லை; ஒரு விரலால் காம்பைத் தாங்கிக்கொண்டு காயை மட்டும் கிள்ளி எடுக்கின்றன, மிஞ்சிய காம்பு அடுத்த வாரமும் காய்க்கும். அந்த ஈரத்திலேயே அடுப்புச் சாம்பலைத் தூவினால், இளந்தளிரில் அடையாக மொய்க்கும் அசுவினிப் பூச்சி அடங்கும். இலை உலர்ந்தபின் தூவும் சாம்பல் காற்றோடு போய்விடும்.

புடலைப் பந்தலே அழகில் சிறந்தது என்போரும் உண்டு. அந்தியில் விரியும் அதன் சடைபோன்ற வெண்பூவையும், வளையாதிருக்கக் கல் கட்டித் தொங்கவிட்ட காய்களின் வரிசையையும் கண்டவர்கள் அப்படிச் சொல்வது இயல்பே. ஆனால் புடலையின் அழகு பார்த்தவுடன் தீர்ந்துவிடுவது, அவரையினுடையதோ காத்திருக்கச் செய்வது. ஆண்டு முழுதும் காய்க்கும் குத்து அவரை, அதாவது பந்தல் தேவைப்படாத செடி அவரை, சந்தைக்கு உழைப்பவருக்குப் பெரும் துணை என்பதிலும் ஐயமில்லை. மாடியில் பைகளில் அதை வளர்க்கும் நகரத்தாரின் ஆர்வமும் போற்றத்தக்கது. எனினும் சித்திரையிலும் கிடைக்கும் அவரைக்காய்க்கு, திருவாதிரைக் களியோடு சேரும் ஏழுகறிக் கூட்டில் விழுகிற பட்டை அவரையின் மணம் இருப்பதில்லை. பனி பெய்து பருத்த காயின் மேல்தோலில் கைக்கு ஒட்டும் பிசுபிசுப்பும் இருப்பதில்லை.

வருந்தத்தக்கது விதையின் நிலை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், வீட்டில் எடுத்த விதை பல தலைமுறைக்கும் மாறாமல் அதே காயைத் தரும். அதனால்தான் கோழி அவரை, பட்டை அவரை, யானைக்காது அவரை என்று பல வகைகள் ஊருக்கு ஊர் நிலைத்திருந்தன, மணமாகிப் போன பெண்களின் முந்தானை முடிச்சில் பக்கத்து ஊர்களுக்கும் சென்றன. இப்போது ஆண்டுதோறும் கடையில் உறை வாங்கி, முளைத்தது எந்த வகை என்பதைக் காய்த்த பிறகே அறிந்துகொள்ளும் கொல்லைகள் பெருகிவிட்டன. அவரை போட்டால் துவரை முளைக்காது என்ற உறுதி முன்பு விதை வைத்திருந்தவருக்கு இருந்தது. உறை வாங்குகிறவருக்கு அது பாதியளவும் இல்லை.

இன்றும் விதை காக்கும் சில வீடுகளில், தை மாதத்துக் கொத்துகளுள் திரண்ட ஒன்றைத் தேர்ந்து, பறிக்கிறவர் கை படாதபடி அதன் காம்பில் பழைய புடைவையின் சிவப்புக் கரைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவைக்கிறார்கள். பங்குனியில் கொடி பழுத்து, கழிகள் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போன பின்னும், அந்தக் கிழிசல் கட்டிய கொத்து நெற்றாகிச் சலசலக்கும் வரை அதைத் தாங்கும் ஒற்றைக் காலை மட்டும் பிடுங்காமல் விட்டுவைப்பார்கள். பிறகு விதையைச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் இட்டு வாயை அடைத்து, அடுப்பங்கரைப் பரணில் ஆடி வரும் வரை வைத்திருப்பார்கள்.