ஓர் ஆட்டமும் அதன் உரையாசிரியர்களும்

பழைய வீடியோ கேம் ஒன்றை இன்னும் யாராவது ஆடிக்கொண்டிருந்தால், அதற்கு விமர்சகர்கள் கையில் ஒரே விளக்கம்தான் இருக்கிறது: பால்ய ஏக்கம். முப்பதைக் கடந்தவர்கள் தொலைந்துபோன விடலைப் பருவத்தைத் தேடுகிறார்கள், நிறுவனங்கள் அந்த ஏக்கத்தை மறுபதிப்பாக விற்றுக் காசாக்குகின்றன என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். சந்தையைப் பற்றிப் பேசும்போது இது ஓரளவு பொருந்தலாம். சண்டை ஆட்டங்களுக்கு, அதிலும் 2001-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே'க்கு, இது அறவே பொருந்தாது.

அதே தொடரின் அடுத்த ஆட்டமான 'பிரால்' 2008-இல் வீ கன்சோலுக்கு வந்தது. அதே நிறுவனம், அதே மாரியோ, அதே பிகாச்சு. மெலே விற்றது ஏறத்தாழ 74 லட்சம் பிரதிகள், பிரால் 1.3 கோடியைத் தாண்டியது. ஏக்கம்தான் காரணமென்றால் பிராலோடு வளர்ந்த பிள்ளைகளின் கூட்டமல்லவா இன்று பெரிதாக இருக்க வேண்டும்? அதன் பெரிய போட்டிகளெல்லாம் அடுத்த பாகம் வந்ததுமே வற்றிவிட்டன. மெலேக்கோ இன்றும் நூற்றுக்கணக்கானோர் கட்டணம் கட்டிப் போட்டிகளுக்கு வருகிறார்கள். அதில் இப்போது முன்வரிசையில் நிற்பவர்கள் பலர், ஆட்டம் வெளியானபோது பள்ளிக்கூடத்தில் கூடச் சேர்ந்திருக்காதவர்கள். அனுபவித்திராத ஒரு காலத்துக்காக அவர்கள் ஏங்க முடியாது.

சண்டை ஆட்டம் என்ற இந்த வகையின் ஆரம்ப வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். 1984-இன் 'கராத்தே சாம்ப்', 1987-இன் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்', இரண்டுமே முன்னோடி என்ற மரியாதைக்கு மேல் எதற்கும் உரியவையல்ல. 1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தது. அதன் தயாரிப்பாளர்களில் ஒருவரான நொரிடாகா ஃபுனாமிசு, கார் உடைக்கும் இடைக்கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது ஓர் அடியின் முடிவில் இன்னோர் அடியை ஒட்ட வைக்க முடிவதைக் கவனித்தார். யாரும் திட்டமிடாத அந்த ஒட்டுவேலையை நீக்காமல் விட்டார்கள். இன்று 'காம்போ' என்று நாம் சொல்லும் மொத்தச் சங்கதியும் அப்படிப் பிறந்ததுதான். 1992-இன் 'மார்ட்டல் காம்பாட்' அமெரிக்க செனட் விசாரணை வரை போனது. அதன் ரத்தத்தைக் கழித்துவிட்டால் ஆட்டமாகப் பேச அதிகமில்லை. 1993-இல் யு சுசுகியின் 'வெர்ச்சுவா ஃபைட்டர்' முப்பரிமாணத்தைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு 'டெக்கன்' அதை மக்களிடம் சேர்த்தது.

இந்த ஓட்டத்தில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1991 முதல் 1994 வரை கேப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ஐ ஐந்து வடிவங்களில் வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் கடைசியாகத் தங்கிய இடம் 1994-இன் 'சூப்பர் டர்போ'. அதைக் குறையற்றது என்று யாரும் சொல்லவில்லை. ரகசியக் குறியீட்டைத் தட்டினால் கிடைக்கும் அகுமா என்ற பாத்திரம் அளவுமீறிய பலத்தோடு இருந்ததால் போட்டிகளில் அவனை விலக்கியே வைத்தார்கள். இருந்தும் அதில் தங்கியதற்குக் காரணம், அதற்குப் பிறகு நிறுவனம் அதைத் தொடவில்லை என்பதே. ஓர் ஆட்டத்தின் நிஜமான வாழ்க்கை அதைச் செய்தவர்கள் கையெடுத்த பிறகுதான் தொடங்குகிறது என்பதற்கு முதல் சான்று அது.

அடுத்து வந்த 1997 முதல் 2001 வரையிலான ஐந்தாண்டுகளையே இந்தக் கலையின் பொற்காலமாக நான் கொள்கிறேன். ஆர்கேட் கூடங்கள் மூடிக்கொண்டிருந்தன, லாபம் கன்சோலுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அந்த அந்தி வெளிச்சத்தில்தான் 'டெக்கன் 3', 'சோல்கேலிபர்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்', 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' எல்லாம் வந்தன. தேர்ட் ஸ்ட்ரைக்கில் எதிரியின் அடி வந்து சேரும் கணத்தில் பின்வாங்காமல் ஸ்டிக்கை முன்னால் தட்டினால் அடி வெறுமையாகிவிடும். இந்த 'பேரி' உத்தி என்ன செய்யும் என்பதை உலகம் கண்ணால் பார்த்தது, ஆட்டம் வெளியாகி ஐந்தாண்டு கழித்து, சண்டை ஆட்டங்களுக்கான பெரிய ஆண்டுப் போட்டியான ஈவோவில், 2004-இல். ஜஸ்டின் வாங்கின் சுன்-லிக்கு எதிரே டைகோ உமெஹராவின் கென், உயிர்க்கோட்டில் ஒரு நூலளவு மிச்சத்தோடு நின்றான். தடுத்தால்கூட அந்த உராய்வில் உயிர் போய்விடும். சுன்-லியின் 15 அடித் தொடரை ஒவ்வொன்றாகப் பேரி செய்து, எழும்பிவந்து திருப்பி அடித்து டைகோ வென்றார். 1999-இல் அந்த விதிகளை எழுதியவர்கள் இப்படியொரு கணத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க முடியாது.

மெலே அந்தக் காலத்தின் கடைசிப் படைப்பு, என் கணக்கில் தலைசிறந்ததும்கூட. மசாஹிரோ சகுராயும் ஹால் லேபரட்டரி குழுவும் 13 மாதங்களில், விடுமுறை என்பதையே மறந்து அதை முடித்தார்கள். கெடு நெருங்கியும் பிழைகள் தீராதபோது, நின்டெண்டோ தலைமையகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த சடோரு இவாடா யமனாஷியில் இருந்த ஹால் அலுவலகத்துக்கே போய் மூன்று வாரம் நிரல்வரிகளைப் படித்துச் சரிசெய்தார். பொறியாளராகத் தாம் களத்தில் செய்த கடைசி வேலை அதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் நிறுவனத் தலைவர். 2001 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியானபோது அது குடும்பமே சுற்றி உட்கார்ந்து நால்வர் ஆடும் கொண்டாட்டம். பொருள்கள் வானிலிருந்து விழும், மேடைகள் நகரும், குழந்தைகள் சிரிப்பார்கள்.

உள்ளே வேறொன்று இருந்தது. தாவும் பட்டனை அழுத்தினால் பாத்திரம் உடனே எழும்பாது, முதலில் முழங்காலை மடக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் நரியான ஃபாக்ஸுக்கு இதற்கு 3 ஃப்ரேம், கனத்த பவுசருக்கு 8. கால் தரையை விட்ட அந்தக் கணமே ஸ்டிக்கைக் கீழ்ச்சாய்வாகத் தள்ளி ஷீல்ட் பட்டனை அழுத்தினால், காற்றில் விலகுவதற்காக வைத்த அசைவு தரையில் மோதி வழுக்கலாக மாறும். நின்ற கோலத்திலேயே பாத்திரம் பின்னாலோ முன்னாலோ சறுக்கும், சறுக்கிக்கொண்டே அடிக்கலாம். 'வேவ்டேஷ்' என்று ஆட்டக்காரர்கள் பேர் வைத்தது இதற்குத்தான். லூய்ஜியின் காலில் உராய்வு குறைவு என்பதால் அவன் எல்லோரையும் விட நெடுந்தூரம் வழுக்குவான். இன்னொன்று: காற்றில் அடித்துக்கொண்டே இறங்குகையில், தரை தொடுவதற்கு முந்தைய 7 ஃப்ரேமுக்குள் ஷீல்ட் பட்டனைத் தட்டினால் இறங்கியபின் தடுமாறும் நேரம் பாதியாகிவிடும். இந்த இரண்டையும் கற்ற கைக்கும் கல்லாத கைக்கும் இடையே இருப்பது இரண்டு வேறு ஆட்டங்கள்.

வேவ்டேஷை ஆட்டம் உருவாகும்போதே கவனித்ததாக சகுராய் பிறகு ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். பிராலில் அதை எடுத்தது புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் இடைவெளி பெருகியதால் என்றார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதன் விளைவை மதிக்க முடியவில்லை. பிரால் மந்தமானது, அடித்தொடர்கள் அறுந்துபோயின, ஓடுகிற பாத்திரம் எந்தக் காரணமுமின்றித் தடுக்கி விழும்படி ஒரு தற்செயலையும் உள்ளே வைத்தார்கள். கற்றுக்கொண்டவனைக் கற்காதவனுக்குச் சமமாக்க அவனைத் தடுக்கி விழவைப்பது மோசமான கலை.

திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாகச் சொல்கிறோம். பரிமேலழகர் மணக்குடவரோடு முரண்பட முடிந்தது, இருவர் கண் முன்னாலும் இருந்தது அதே ஈரடிகள் என்பதால்தான். மெலேயின் கதையும் இதுதான். வட்டில் அச்சான பிறகு அதை இணையம் வழியே மாற்ற கேம்கியூபில் வழியில்லை. ஐரோப்பியப் பதிப்பில் மட்டும் ஷீக், ஃபாக்ஸ், மார்த் போன்றோரின் பலத்தைச் சற்றுக் குறைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் அந்தப் பாடபேதத்தை ஒதுக்கிவிட்டு அமெரிக்கப் பதிப்பையே மூலமாகக் கொண்டார்கள். அதன்மேல் உரைகள் குவிந்தன. யார் வலிமையானவர் என்ற பட்டியல் ஒரு வரி நிரலும் மாறாமலே பலமுறை புரண்டது. ஆரம்பத்தில் ஷீக் உச்சியில் இருந்தாள், பிறகு ஃபாக்ஸ் ஏறினான். யாரும் பெரிதாக மதிக்காத, பந்து போல மிதக்கும் ஜிக்லிபஃபை வைத்து 'ஹங்ரிபாக்ஸ்' என்ற ஹுவான் டெபியெட்மா 2016 ஈவோவை வென்றார். யோஷி கடைத்தட்டுப் பாத்திரம் என்று எழுதி மூடிவிட்டிருந்தார்கள். ஜப்பானின் 'அம்சா' பல ஆண்டு அவனை விடாமல் ஆடி 2022-இல் அமெரிக்காவின் 'தி பிக் ஹவுஸ்' போட்டியை வென்றார். ஆட்டம் வெளியாகி 21 ஆண்டு ஆகியும் அதில் படிக்கப்படாத பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு நேரெதிரானது நாம் இன்று வாழும் காலம். இணையம் வழியே ஆட்டத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்றானதும் திருத்துவதே தொழிலாகிவிட்டது. 2016-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பருவத்துக்குப் பருவம் பாத்திரங்களின் பலத்தை மாற்றியது. 'டெக்கன் 7' காசுக்கு விற்ற லீராய் ஸ்மித் என்ற புதுப் பாத்திரம் 2020 ஈவோ ஜப்பானில் முதல் எட்டு இடங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துக்கொண்டான், பிறகு பேட்ச் வந்து அவன் பலத்தை வெட்டியது. 2025 ஏப்ரலில் 'டெக்கன் 8'-இன் இரண்டாம் பருவத் திருத்தம் வந்தபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து கற்ற தற்காப்பு ஒரே நாளில் செல்லாக்காசாகும்போது வேறென்ன செய்வார்கள்? ஒரு பாத்திரத்திடம் தோற்றவன் இப்போது அதற்கு விடை தேடுவதில்லை, அடுத்த பேட்சுக்காகக் காத்திருக்கிறான். விடை தேடுபவனுக்கு அவகாசமும் தரப்படுவதில்லை. அம்சாவுக்குக் கிடைத்த ஆண்டுகள் இன்றைய யோஷிக்காரன் எவனுக்கும் கிடைக்காது. அதற்குள் அவனுடைய யோஷி வேறொருவனாகியிருப்பான்.

திருத்தாவிட்டால் அநீதி நிலைத்துவிடாதா என்பது நியாயமான கேள்விதான். 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'-இல் 56 பாத்திரங்கள். மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரைச் சுற்றியே உயர்மட்ட ஆட்டம் நடந்தது. மெலேயிலும் பாதிக்கு மேற்பட்டோர் பெரிய மேடைக்கு ஆகாதவர்கள். இந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் நிறுவனம் கைவைக்காத இடத்தில் ஆட்டக்காரர்கள் தாங்களே சட்டம் செய்தார்கள். வானிலிருந்து விழும் பொருள்களை நிறுத்திவைத்தார்கள். ஆளுக்கு நான்கு உயிர், 8 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். மேடைகளை விவாதித்து விவாதித்து ஆறாகக் குறைத்தார்கள். ஐஸ் கிளைம்பர்ஸ் என்ற இரட்டையர், பிடியில் சிக்கியவரை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் 'வாப்ளிங்' உத்திக்குத் தப்பும் வழியே இல்லை. அதை அனுமதிப்பதா தடுப்பதா என்று பல ஆண்டு சண்டை நடந்து, 2019-ஐ ஒட்டிப் பெரும்பாலான போட்டிகள் தடைசெய்தன. ஊர்கூடிப் பேசி எடுத்த முடிவு அது. பேட்ச் எழுதும் அலுவலகத்தில் அப்படியொரு பேச்சுக்கு இடமே இல்லை.

இத்தனையும் நிறுவனத்தின் ஆதரவின்றி, சில நேரம் அதன் எதிர்ப்பை மீறி நடந்தது. 2013-இல் மெலேயை ஈவோவில் சேர்க்க ரசிகர்கள் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 94,000 டாலருக்கு மேல் திரட்டி, நன்கொடைப் போட்டியில் ஜெயித்து இடம் வாங்கினார்கள். ஒளிபரப்பை நிறுத்தச் சொன்ன நின்டெண்டோ, எதிர்ப்பு கிளம்பியதும் சில மணி நேரத்தில் பின்வாங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூனில், 'ஃபிஸி' என்ற பெயரில் அறியப்படும் நிரலாளர், மெலேயை இணையம் வழியே ஆட உதவும் 'ஸ்லிப்பி' மென்பொருளில் ரோல்பேக் வசதியைக் கொண்டுவந்தார். எதிராளியின் அசைவு இணையத்தில் வந்து சேரக் காத்திராமல் அதை ஊகித்து ஆட்டம் ஓடும், ஊகம் பிசகினால் சில ஃப்ரேம் பின்னுக்குப் போய்த் திருத்திக்கொள்ளும். டப்பா டிவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் வீட்டிலிருந்தே ஆட முடிந்தது. அந்த நவம்பரிலேயே, ஸ்லிப்பியைப் பயன்படுத்தியதற்காக 'தி பிக் ஹவுஸ்' இணையப் போட்டியை நின்டெண்டோ சட்ட எச்சரிக்கை அனுப்பி நிறுத்தியது. தான் விற்பதையே நிறுத்திவிட்ட ஓர் ஆட்டத்தின் மேல் காட்டிய இந்தக் கண்டிப்பு எனக்கு இன்றும் கசக்கிறது.

புதிய ஆட்டங்களைச் செய்யாதீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, திருத்தவே கூடாது என்றும் கேட்கவில்லை. பேட்ச் வரும்போது முந்தைய வடிவத்தை அழிக்காமல், விரும்புகிறவர்கள் தேர்ந்தெடுத்து ஆடும்படி விட்டுவைக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2014-இன் 'அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4'-இல் கேப்காம் இதைச் செய்து காட்டியது: 'எடிஷன் செலக்ட்' என்ற வசதியில் ஒரு பாத்திரத்தின் முந்தைய பதிப்புகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து இன்னொன்றோடு மோதலாம். அதற்கடுத்த பாகத்தில் அதைத் தொடராமல் விட்டார்கள். மீண்டும் கொண்டுவரட்டும், மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றட்டும்.