சாய்வு நாற்காலியும் பிரம்பும்

ஒரு வீட்டின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அவ்வீட்டாரின் வாய்ச்சொல்லைக் கேட்பதைக் காட்டிலும் அங்குள்ள ஆசனங்களைப் பார்ப்பதே போதும். எவர் உட்காருகிறார், எவர் நிற்கிறார், எவர் வந்தால் எவர் எழுந்திருக்கிறார் என்னும் மூன்றையும் கவனித்தால் அக்குடும்பத்தின் சட்டதிட்டங்கள் அனைத்தும் விளங்கிவிடும். இவ்வுண்மையை ஒரு முழு நாவலாகவே எழுதிக் காட்டியவர் தோப்பில் முகம்மது மீரான் அவர்கள். அவரது 'சாய்வு நாற்காலி' 1997-ஆம் ஆண்டு சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றது. பரிசு பெற்ற நூல்களைப் படிக்காமலே பாராட்டிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஆனால் இந்நூலை நாம் அப்படி விட்டுவிடலாகாது. பினாங்கு நகரத்து வீட்டு முன்கட்டிலும் தோட்டத்துத் துரை பங்களாவிலும் கிடந்த ஒரு பொருளின் கதை இது. ஆகவே, அப்பொருளின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்ந்து, பின்னர் நூலுக்கு வருவோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நான்கு கால் உடையது நாற்காலி. ஆடும் நாற்காலியோ தரையைத் தொடுவது இரண்டு வளைந்த கட்டைகளால் மட்டுமே. ஆயினும் நாம் அதையும் நாற்காலி என்றே அழைக்கிறோம். மலாய் மக்கள் அதனைக் 'குருசி கோயாங்', அதாவது அசையும் நாற்காலி, என்பர். சாய்ந்து படுக்கும் நாற்காலிக்கு அவர்கள் இட்ட பெயர் 'குருசி மாலாஸ்'. சோம்பல் நாற்காலி என்பது அதன் பொருள். நாம் 'சாய்வு' என்று உடம்பின் நிலையைச் சொன்னோம். அவர்களோ உட்காருபவனின் குணத்தையே சொல்லிவிட்டார்கள்! மீரான் அவர்களின் நாவலுக்கு மலாயில் பெயரிட்டால், பெயரே பாதி விமர்சனமாகிவிடும்.

ஆடும் நாற்காலியைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்ளின் என்றொரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வட அமெரிக்காவில் நாற்காலியின் கால்களில் தொட்டில் கட்டையைப் பொருத்தும் வழக்கம் தோன்றிவிட்டது. குழந்தைக்குச் சுகமளித்தது பெரியவருக்கும் அளிக்கும் என்பதே அதன் தத்துவம். 1865-இல் ஆபிரகாம் லிங்கன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டபோது அவர் அமர்ந்திருந்ததும் ஆடும் நாற்காலியே. அது இன்றும் மிச்சிகனில் ஒரு காட்சிசாலையில் இருக்கிறது. முதுகு வலியால் துன்புற்ற கென்னடிக்கு 1955-இல் ஜேனட் டிராவல் என்னும் பெண் வைத்தியர் சொன்ன யோசனைகளில் இந்நாற்காலியும் ஒன்று. கால் விரலால் தரையைச் சற்றே உந்தினால் உடம்பு முழுதும் அசைகிறது. உழைப்பு மிகச் சிறிது, இளைப்பாறுதல் மிகப் பெரிது. முற்றத்து ஊஞ்சலில் ஆடிப் பழகிய தமிழருக்கு இச்சுகம் புதிதன்று. ஊஞ்சலுக்கு உத்தரமும் சங்கிலியும் வேண்டும். இதற்கு ஒரு மூலை போதும் என்பதே வேறுபாடு.

நம் தேசத்திற்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் ஒன்று உண்டு. வியன்னா நகரில் தொழில் நடத்திய மைக்கேல் தோனத் என்பவர் மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைக்கும் முறையைப் பெருந்தொழிலாக்கினார். 1860-ஆம் ஆண்டையொட்டி அவர் ஆடும் நாற்காலியையும் அம்முறையில் செய்யத் தொடங்கினார். சட்டம் ஐரோப்பிய மரம்; இருக்கையும் முதுகும் பிரம்பு. அப்பிரம்பு ஐரோப்பாவில் விளைவதன்று. அது பனை இனத்தைச் சேர்ந்த முட்கொடி. தென்கிழக்காசியக் காடுகளில் மரங்களைப் பற்றி நூறடிக்கு மேலும் படர்வது. காட்டில் அதை இழுத்து வெட்டியவர்கள் மலாய்க்காரரும் ஆதிவாசிகளும். மூட்டையாகக் கட்டிக் கப்பலேற்றியவை சிங்கப்பூரும் பினாங்கும் போன்ற துறைமுகங்கள். கொடியின் மேல்தோலை நீள நாராகச் சீவிப் பின்னினால், காற்றும் புகும், வேர்வையும் தங்காது. வெப்ப நாடுகளில் பஞ்சு மெத்தையைப் பிரம்பு வென்றதற்குக் காரணம் அதுவே.

தோட்டத்து வாசகர்கள் நன்கறிந்த நாற்காலி மற்றொன்று. நீண்டு சாய்ந்த முதுகும், காலைத் தூக்கிப் போட வசதியாக முன்னே நீளும் கைகளும் உடையது. பங்களா வராந்தாவில் துரைமார் படுத்திருந்தது அதிலேதான். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, பால் மரம் சீவி, வாளி சுமந்து வந்தவர்கள் அதன் எதிரே நின்றார்கள். கிராணியும் கங்காணியுங்கூட நின்றார்கள். உட்கார்ந்தவன் ஒருவன், நின்றவர் நூறு பேர். துரை போன பின்னர் அந்நாற்காலி போயிற்றா? இல்லை. நம்மவரிலே சற்றுப் பணம் சேர்த்தவர் வீட்டு முன்கட்டிற்கு வந்து சேர்ந்தது. அதில் ஆண்மகன் சாய்ந்தான். எதிரே நிற்கும் வேலை அவன் மனைவிக்கு வந்தது.

இவ்விடத்தில்தான் மீரான் அவர்களின் நூல் நமக்குக் கண்ணாடியாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் 'சவ்தா மன்ஸில்' என்னும் பழம்பெரு வீடு. அதன் வாரிசு முஸ்தபாக்கண்ணு. முன்னோர் தேடிய சொத்தை விற்று விற்று உண்பதே அவன் தொழில். சாய்வு நாற்காலியே அவன் சிம்மாசனம். குடும்பப் பெருமை என்னும் ஒன்றைத் தவிர அவனிடம் வேறு மூலதனம் கிடையாது. வீடு உதிர உதிர, அவனது அதிகாரக் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அவ்வீட்டில் பெண்களை அடக்குவதற்கென்று ஒரு பிரம்பும் உண்டு. நாற்காலியும் பிரம்பும் ஒரே வீட்டில் இருப்பதை ஆசிரியர் வைத்துக் காட்டியது தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம். ஒரே கொடிதான் மேலே இருப்பவனுக்கு இருக்கையாகவும் கீழே இருப்பவருக்கு அடியாகவும் ஆகிறது. கங்காணியின் கையிலும் வாத்தியாரின் மேசையிலும் அக்கொடியைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

நூலின் நடையைப் பற்றி ஒரு வார்த்தை. குமரிக் கரையோர முஸ்லிம்களின் பேச்சு மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்தது. நம் வாசகர்களுக்குத் தொடக்கத்தில் சற்றுக் கடினமாகவே இருக்கும். ஆயினும் அதைச் செந்தமிழாக்கியிருந்தால் மனிதர்கள் மறைந்து பொம்மைகளே மிஞ்சியிருப்பர். பத்துப் பக்கம் பொறுத்துப் படித்தால் அம்மொழி பழகிவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: இது ஒரு மதத்தாரின் குறையைச் சொல்லும் கதையன்று. பெயர்களை மாற்றினால் எச்சாதி வீட்டிற்கும் பொருந்தும். ஆசிரியர் தம் சமூகத்தையே துணிந்து விமர்சித்தார் என்பதே அவரது பெருமை. பிறர் வீட்டு அழுக்கைச் சுட்டிக் காட்டிச் சீர்திருத்தம் பேசுவோர் அவரிடம் கற்க வேண்டியது மிகுதி.

குறை யாதெனில், நூல் நாற்காலியைச் சுற்றியே சுழல்கிறது. எதிரே நின்றவரின் கதை ஓரத்திலேயே நிற்கிறது. அதை எழுத வேண்டியவர்கள் நாம். லயத்து வீட்டில் ஆடுவதற்கு இருந்த பொருள் ஒன்றே: உத்தரத்தில் பழஞ்சேலையைக் கட்டிய ஏணை. அதில் ஆடியது குழந்தை. ஆட்டியது வேலை முடிந்து வந்த தாய், அல்லது கண் தெரியாத பாட்டி. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஏணையை அவிழ்த்து மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். நாற்காலி போட்டு இளைப்பாற வேண்டுமானால், முதலில் அதைப் போடுவதற்குச் சொந்தமாக ஓரிடம் வேண்டுமல்லவா?

ஆகவே நாற்காலியை உடைக்கச் சொல்பவர் அல்லோம் நாம். ஓய்வு பாவமன்று, பிறர் உழைப்பின்மேல் சாய்ந்து கிடப்பதே பாவம். உழைத்தவருக்குக் கிடைக்கும் ஓய்வு நியாயம். உழையாதவன் பிடுங்கிய ஓய்வு திருட்டு. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. நகரத்துப் பழைய வீடுகளில் பிரம்பு நாற்காலிகளைத் துடைத்து வைத்து அழகு பார்க்கிறோம், பார்ப்போம், தவறில்லை. ஆனால் அவற்றின் எதிரே நின்றவர்களையும் நினைப்போம். 'சாய்வு நாற்காலி'யைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள ஒவ்வொரு படிப்பகமும் வாங்கி வைக்க வேண்டும். படித்து முடித்தவர்கள் தத்தம் வீட்டில் ஒரு சிறு காரியம் செய்வார்களாக: நாற்பது வருஷம் பால் மரம் சீவிய அக்கிழவியை அழைத்து, வீட்டில் உள்ள நல்ல நாற்காலியில் உட்கார வைக்கட்டும். அவள் கூச்சப்பட்டு எழுந்து நிற்பாளாயின், அக்கூச்சத்தை அவளுக்குக் கற்பித்தவர் யார் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.