பெயர் சொல்லா எள்ளல்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து எண்ணினார் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்கண் அது பிறக்கும் என்றார். அவரே செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாக வகுத்து, வெளிப்பட வைவதைச் செம்பொருள் என்றும், மறைத்து மொழிவதைப் பழிகரப்பு என்றும் கூறினார். இவ்வளவுகோல் இன்றைய மேடைக்கும் பொருந்தும் என்பதற்குக் குணால் காம்ராவின் ‘நயா பாரத்’ நிகழ்ச்சி சான்றாகும்.

மும்பை ‘ஹேபிடாட்’ அரங்கில் தனியொருவராய் நின்று காம்ரா நிகழ்த்திய இந்நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு, 2025 மார்ச் 23இல் வெளியாயிற்று. இந்தி அறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு அதனைக் கண்டேன். அதனுள் வரும் ஒரு பாட்டே பெரும் பூசலுக்கு வித்தாயிற்று. பழைய திரைப்பாட்டு ஒன்றின் மெட்டில், ஓர் அரசியல்வாதியின் கட்சித் தாவலை அவர் எள்ளுகிறார். பெயர் சொல்லவில்லை. தானே நகரம், ஆட்டோ ரிக்‌ஷா, தாடி, மூக்குக்கண்ணாடி, குவாஹாத்தி என்னும் குறிப்புகளே உள்ளன. 2022இல் சிவசேனையைப் பிளந்து, சட்டமன்ற உறுப்பினர்களுடன் குவாஹாத்தி சென்று, பின் முதலமைச்சரான ஏக்நாத் சிண்டேயை யாவரும் உணர்ந்துகொண்டனர். பழிகரப்பு என்பது இதுவே. அன்றிரவே சிவசேனையினர் அரங்கினுட் புகுந்து நாற்காலிகளை உடைத்தனர். புலவன் மறைத்த பெயரைத் தாமே வெளிப்படுத்தியவர் அவர்களே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யன்று.

ஆயினும் பாட்டு முழுதும் ஒரு தரத்தது எனல் ஆகாது. கட்சித் தாவலை எள்ளியது தக்கதே. அது பொதுவாழ்வின் செயல். ஆட்டோ ஓட்டிய பழந்தொழிலையும் முகத்தோற்றத்தையும் நகைப்பொருளாக்கியது தாழ்ச்சியே. பால்மரம் வெட்டும் தாயின் கைக்கறையைக் கண்டு ஒரு மாணவன் சிரித்தால் அவனைத் திருத்துகிறோம். அவன் வகுப்பிற் செய்தால் பிழை, கலைஞன் மேடையிற் செய்தால் கலை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உழைப்பு எவனுக்கும் இழிவன்று. கொள்கை மாறியவனை எள்ளப் புகுந்த கவிஞன், உழைத்தவனையும் உடன் எள்ளிவிட்டான். அம்பு குறியையும் தைத்தது, குறியல்லாததையும் தைத்தது.

ஔவையார் இவ்வாறு பிழைக்கவில்லை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவனுடைய படைக்கலங்கள் நெய்பூசி அழகுடன் காக்கப்பெற்றிருப்பதைப் புகழ்ந்தார்; தம் அரசனுடையவையோ போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடப்பதாக வருந்துவார்போற் கூறினார். தொண்டைமானின் தோற்றத்தையோ குடியையோ அவர் தொடவில்லை. போரறியாமை ஒன்றையே தொட்டார். அதனாலன்றோ அப்புறப்பாட்டு இன்றும் வாழ்கிறது!

ஆனால் பாட்டின் குறைக்கு மறுமொழி பாட்டாகவோ, திறனாய்வாகவோ, வழக்காகவோ இருத்தல் வேண்டும். நாற்காலியை உடைப்பதாக இருத்தலாகாது. மறுநாள் மும்பை மாநகராட்சியே அவ்வரங்கின் ஒரு பகுதியை இடித்தது. விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருந்த காம்ராவுக்கு மார்ச் 28இல் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்கால முன்பிணை வழங்கியது. பேசியவர்க்கு நீதிமன்றம் துணைநின்றது. இடங்கொடுத்த அரங்கோ கதவடைத்தது. நம் கோலாலம்பூரிலும் 2022இல், மேடையேறிய ஒருவரின் செயலை முன்னிட்டு நகைச்சுவை அரங்கு ஒன்று உரிமம் இழந்தது. நிகழ்ச்சிகள் வேறு, குற்றச்சாட்டுகள் வேறு, இழப்பு ஒன்றே. ஓர் அரங்கு மூடினால், அங்கு நாளை பேசவிருந்தவர் அனைவரும் வாய்மூடுகின்றனர்.

எதை எள்ளலாம் என்பதைக் கலைஞன் கற்க வேண்டும். எள்ளலைத் தாங்குவது எப்படி என்பதை ஆள்வோன் கற்க வேண்டும். முன்னவன் கல்லாவிடிற் பாட்டுக் கெடும். பின்னவன் கல்லாவிடின் நாடு கெடும்.